காற்றில் கேட்ட சங்கீதங்கள்

பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், பெயார்ன் என்றொரு நாடு உண்டு. அந்நாட்டின் ஓர்த்தேசு என்னும் ஊரிலே, 1685ஆம் ஆண்டின் இறுதியிலும் அதனையடுத்த ஆண்டிலும், இரவு வேளைகளில் ஆகாயத்திலிருந்து பாட்டொலி கேட்டதாக மக்கள் பேசிக்கொண்டனர். பாடுபவர் எவரும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் பாட்டு இன்னதென்பதில் ஐயமிருக்கவில்லை. பல தலைமுறையாகத் தாங்கள் பாடி வந்த சங்கீதங்களின் மெட்டுகளே அவை என்று கேட்டவர்கள் உறுதி கூறினர். செவென் மலைப்பகுதியிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. நாடு கடந்து ரொட்டர்டாம் நகரில் வாழ்ந்த பியேர் ஜூரியே என்னும் போதகர் இச்சாட்சியங்களைத் திரட்டித் தம் மடல்களிலே அச்சிட்டுப் பரப்பினார். பௌ நகரத்து உயர் நீதிமன்றமோ அவ்வொலியைக் கேட்பதற்கென்று கூடுவதையும், கேட்டோம் என்று சொல்வதையும் தடைசெய்தது. மீறினால் தண்டம்.

ஆகாயத்துக்குத் தண்டம் விதிக்க இயலாத அரசு, கேட்ட செவிக்கு விதித்தது! இதனை மூடநம்பிக்கை என்று புறந்தள்ளிவிடுவது எளிது. பகுத்தறிவுக் காலத்தைச் சேர்ந்த நாம் ஆகாயம் பாடியது என்று நம்பப் போவதில்லை. ஆனால் வரலாற்றைப் பயில்பவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இத்தனை பேர் ஒரே காலத்தில் ஒரே பாட்டை ஏன் கேட்டனர்? கேட்டவர்களைக் கண்டு ஓர் அரசு ஏன் அஞ்சிற்று? இவற்றுக்கு விடை காண நாம் ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் நூற்றைம்பது பாடல்கள் உள்ளன. நம் நாட்டுப் புரட்டஸ்தாந்தர் அவற்றைச் சங்கீதங்கள் என்பர். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்பர். மத்திய கால ஐரோப்பாவில் இவை இலத்தீன் மொழியிலேயே ஓதப்பட்டன. ஓதியவர் துறவியரும் குருமாரும். உழவனும் நெசவாளியும் கோயிலில் நின்று கேட்டனர், அவ்வளவே. பொருள் விளங்காத ஒலி அவர்கள் தலைக்கு மேலே சென்றது. ஏழாம் நூற்றாண்டிலேயே தாய்மொழியிற் பதிகங்களைப் பெற்றுவிட்ட நமக்கு இதன் கொடுமை எளிதில் உறைக்காது. (பாட்டு தாய்மொழியில் இருந்துவிட்டாற் போதாது என்பதும் நாம் அறிந்ததே. தேவாரம் தமிழில் இருந்தும், அதே தமிழைப் பேசிய ஒரு பகுதி மக்கள் 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் உள்ளே செல்லும் உரிமை கேட்டு நிற்க வேண்டியிருந்தது.)

சங்கீதங்களைப் பிரெஞ்சு மொழியில் செய்யுளாக்கும் பணியைத் தொடங்கியவர் மதகுரு அல்லர், அரசவைக் கவிஞர். முதலாம் பிரான்சுவா மன்னனின் அவையில் இருந்த கிளெமான் மாரோ என்பாரே அவர். சிருங்காரமும் நையாண்டியும் கைவந்தவர். அவருடைய சங்கீதங்கள் அச்சேறுமுன்பே அரண்மனைக்குள் பரவிவிட்டன. இளவரசன் ஹென்றி வேட்டைக்குச் செல்லும்போது நாற்பத்திரண்டாம் சங்கீதத்தைப் பாடுவானாம். அதே ஹென்றி 1547இல் அரசனானதும், மதமறுப்பாளரை விசாரிக்கத் தனி நீதிமன்றமொன்றை நிறுவினான். அது விதித்த தண்டனைகளின் கொடுமை கண்டு மக்கள் அதற்கு ‘எரியும் கூடம்’ என்று பெயரிட்டனர். தன் வாயில் இனித்த பாட்டு, தச்சன் வாயிலும் சக்கிலியன் வாயிலும் புகுந்தபோது அவனுக்குக் கசந்தது போலும்.

1539இல் ஸ்திராஸ்பூர்க் நகரில், ஊரைவிட்டு ஓடிவந்த பிரெஞ்சு அகதிகளின் சிறு சபைக்காக, கல்வின் முதலாவது பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். அதிலே மாரோவின் பதின்மூன்று சங்கீதங்கள் இடம்பெற்றன. பாரிசில் இறையியலாரின் சினத்துக்கு ஆளாகிய மாரோ 1542இல் ஜெனீவாவுக்கு ஓடினார். அங்கே நாற்பத்தொன்பது சங்கீதங்களை முடித்தார். அந்நகரின் கடுமை அவர் இயல்புக்கு ஒவ்வவில்லை. அங்கிருந்தும் நீங்கி 1544இல் தூரின் நகரில் இறந்தார். எஞ்சிய நூற்றொன்றையும் தியோடர் பேஸ் என்பவர் ஆக்கினார். 1562இல் நூற்றைம்பதும் நிறைவுற்ற புத்தகம் வெளிவந்தது. ஜெனீவா, லியோன், பாரிசு முதலிய நகரங்களின் அச்சகங்கள் ஒரே வேளையில் அதனை அச்சிட்டன. பல்லாயிரம் பிரதிகள் பரவின. வருவாயில் ஒரு பங்கு ஏழை அகதிகளின் நிதிக்கென ஒதுக்கப்பட்டது. அக்கால அச்சுத்தொழில் அதுவரை கண்டிராத முயற்சி அது.

மெட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெற்றியின் மறைபொருள் அங்கேதான் இருக்கிறது. லூயி பூர்ஷ்வா முதலிய இசைவாணர் அமைத்த இம்மெட்டுகளில் ஓர் அசைக்கு ஒரு சுரம். சுரங்களுக்கு நெடில், குறில் என இரண்டே அளவு. கமகமில்லை, வாத்தியமில்லை. கோயிலில் எல்லோரும் ஒரே குரலிற் பாட வேண்டும். பலகுரல் இசை வீட்டுக்குரியது. எழுத்தறியாத கிழவியும் நான்கைந்து முறை கேட்டால் வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டாள். மனப்பாடமாய்விட்ட மெட்டின் மீது மக்களுக்கு எத்தகைய உடைமையுணர்வு இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று: அனுமதியின்றிச் சில மெட்டுகளைத் திருத்தினார் என்பதற்காக பூர்ஷ்வாவையே 1551இல் ஜெனீவா நகர அதிகாரிகள் சிறையிலிட்டனர். கல்வின் தலையிட்டதால் மறுநாளே விடுதலையானார்.

பாடியவர்கள் யாவர்? பிற்காலத்தில் பிரபுக்கள் பலர் சேர்ந்தனர் என்பது உண்மை. முதலில் சேர்ந்தவர்களோ கைத்தொழிலாளர். பாரிசுக்குக் கிழக்கே மோ என்ற நெசவு நகரில் இருந்த சபைக்குத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் பியேர் லெக்ளேர் என்னும் கம்பளி சிக்கெடுக்கும் தொழிலாளி. 1546 ஒக்டோபரில் அவரும் அவரோடு பதின்மூன்று பேரும் சந்தை வெளியில் உயிரோடு எரிக்கப்பட்டனர். பாவசங்கீர்த்தனஞ் செய்ய மறுத்தவர்களின் நாக்குகள் முன்னரே அறுக்கப்பட்டன. நாக்கு எஞ்சியிருந்தவர்கள் தீயினுள்ளிருந்து சங்கீதம் பாடினர். அவ்வொலியை அமுக்கும்பொருட்டுச் சுற்றிநின்ற குருமார் தங்கள் இலத்தீன் பாட்டை உரத்த குரலில் எழுப்பினர். இரண்டு பாட்டுகள் ஒன்றையொன்று வெல்ல முயன்ற அந்தச் சந்தைவெளியை நாம் மறத்தல் கூடாது.

1558 மே மாதத்தில் பாரிசிலேயே மாலை தோறும் ஆயிரக்கணக்கானோர் செய்ன் ஆற்றங்கரைப் புல்வெளியிற் கூடிப் பகிரங்கமாகச் சங்கீதம் பாடினர். நவார் அரசரும் அவர்களோடு நடந்தார். மன்னன் தடைவிதித்தான். அதன்பின் வந்த மதப் போர்களை இங்கு விரித்தல் வேண்டா. 1572இல், பார்த்தலோமேயு நாளையடுத்த படுகொலையின்போது, சங்கீதங்களுக்குப் பலகுரல் இசை அமைத்த குளோத் கூதிமெல் லியோனில் கொல்லப்பட்டார். 1587இல் கூத்ராப் போர்க்களத்திலே, புரட்டஸ்தாந்துப் படை முழந்தாளிட்டு நூற்றுப் பதினெட்டாம் சங்கீதத்தைப் பாடிற்று. எதிரணிப் பிரபுக்கள் அதனைக் கண்டு, அஞ்சி நடுங்குகிறார்கள் என நகைத்தனராம். இவர்களோடு முன்னரே பொருதிருந்த ஒருவர், இவர்கள் இப்படிச் செய்தால் போருக்கு ஆயத்தமாகிவிட்டார்கள் என்பதே பொருள் என்று எச்சரித்தார் என அக்காலத்து நூலொன்று கூறும். அன்று வென்றவர்கள் பாடியவர்களே.

1598இல் நாந்த் ஆணை அவர்களுக்கு ஓரளவு வழிபாட்டுரிமை தந்தது. பதினான்காம் லூயியின் ஆட்சியில் அவ்வுரிமை சிறிது சிறிதாக அரிக்கப்பட்டது. எடுத்த எடுப்பிலேயே கோயில்களை இடிப்பது சட்டத்துக்குப் பொருந்தாது. ஆகவே பாட்டிலே கைவைத்தனர். தெருவிற் பாடலாகாது, கடையிற் பாடலாகாது, வெளியே கேட்கும்படி வீட்டிலும் பாடலாகாது, கத்தோலிக்க ஊர்வலம் கோயிலருகே செல்லும்போது உள்ளே பாட்டை நிறுத்த வேண்டும். நூற்றாண்டுக் காலம் தறியிலும் உழவுச் சாலிலும் அடுப்படியிலும் வாய்விட்டுப் பாடிய மக்களின் குரல் இவ்வாறு படிப்படியாகத் தொண்டைக்குள் இறக்கப்பட்டது. 1681 முதல் குதிரைவீரர் வீடுகளிற் குடியமர்த்தப்பட்டனர்; மதம் மாறும்வரை அவர்களுக்கு உணவிட்டு, அவர்கள் அடிப்பதையும் பொறுக்க வேண்டும். 1685 ஒக்டோபரில் நாந்த் ஆணையே நீக்கப்பட்டது. கோயில்கள் தரைமட்டமாயின. போதகர்கள் பதினைந்து நாட்களுள் நாட்டைவிட்டு அகல வேண்டும். மற்றையோர் அகலவும் கூடாது; பிடிபட்ட ஆண்கள் கப்பலிற் துடுப்பு வலிக்கும் அடிமைகளாயினர், பெண்கள் சிறைப்பட்டனர். இருந்தும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் தப்பியோடினர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. எஞ்சியோர் ‘புதிய கத்தோலிக்கர்’ என்ற பெயருடன், திறக்க அஞ்சிய வாயுடன் ஊரிலே இருந்தனர்.

ஓர்த்தேசு மக்கள் ஆகாயத்திலே பாட்டுக் கேட்டது இக்காலத்தில்தான். இப்போது அதன் பொருள் நமக்குச் சற்றே விளங்குகிறது. மலையிடுக்கில் யாரோ சிலர் மறைவாகப் பாடியது எதிரொலித்து வந்திருக்கலாம். காற்றின் ஓசையிலே பழகிய செவி பழைய மெட்டைப் பொருத்திக்கொண்டிருக்கலாம். குழந்தையை இழந்த தாய்க்குக் கதவு அசையும்போதெல்லாம் அதன் காலடி கேட்பதில்லையா? ஆனால் தாய் தனித்துக் கேட்கிறாள். இங்கே ஓர் ஊரே கேட்டது. கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. மதம் மாறியதாகக் கையொப்பமிட்டுவிட்டு அண்டைவீட்டான் முகத்திலும் விழிக்கக் கூசியிருந்தவர்கள், ‘நீயும் கேட்டாயா?’ என்று கேட்கும் அளவில் மீண்டும் ஒரு கூட்டமாயினர். நீதிமன்றத்தின் அச்சம் வீண் அச்சமன்று.

மதத்தைப் பற்றிக் கார்ல் மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து நம்மவர் ஒரேயொரு தொடரை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றனர். அதற்கு முந்திய வரிகளில், ஒடுக்கப்பட்டவனின் துயரத்தையும் எதிர்ப்பையும் அவர் ஒருசேரக் காண்கிறார் என்பதைப் படித்தவர் சிலரே. ஆறுதல் என்றதும் அது மனிதனைத் தூங்கவைப்பது என்று கொள்ளுதல் அவசர முடிபு. சங்கீதங்களையே எடுத்துப் பார்க்கலாம். அவை இனிய தாலாட்டுகள் அல்ல. அவற்றுட் பல முறையீடுகள். பகைவன் சூழ்ந்துவிட்டான், எலும்புகள் உலர்ந்துவிட்டன, எத்தனை காலம் முகத்தை மறைத்துக்கொள்வாய் என்று தெய்வத்தோடு வழக்காடும் பாடல்கள். நூற்று முப்பத்தேழாம் சங்கீதம் அந்நிய நாட்டு ஆற்றங்கரையில் அமர்ந்து அழும் அகதியின் பாட்டு. அதன் இறுதியோ படிப்பவர் நெஞ்சம் உறையும் சாபம். தன் அச்சத்துக்கும் சினத்துக்கும் சொல் கிடைத்தவன் பாதி மீண்டவன். அந்தச் சொல் தன் ஒருவனுடையதன்று, அடுத்த வீட்டானும் அதையே பாடுகிறான் என்று தெரிந்தால் மீதியும் மீள்கிறான். ஆறுதல் அவர்களுக்கு வந்த வழி இதுவென்றே நாம் கருதுகிறோம்.

1685க்குப் பிந்திய நூறாண்டுகளை அம்மக்கள் ‘பாலைவனக் காலம்’ என்றனர். இஸ்ரவேலர் அலைந்த பாலைவனத்தை நினைந்து இட்ட பெயர். மலைக்குகைகளிலும் கைவிட்ட கற்குழிகளிலும் இரவிற் கூடினர். உள்ளங்கையில் அடங்கும் சிறு புத்தகங்களைப் பெண்கள் கொண்டைக்குள் செருகி மறைத்துச் சென்றனர். அத்தகைய புத்தகங்களை இன்றும் செவென் மலையில் மியாலே ஊரருகேயுள்ள பாலைவன அருங்காட்சியகத்திற் காணலாம். போதகர் இல்லாத கூட்டங்களைக் கம்பளி நெய்பவரும் ஆட்டிடையரும் சிறுமியரும் நடத்தினர். நூல் பறிபோனாலும் பாட்டு பறிபோகவில்லை. பிரசங்கத்தை நினைவில் வைத்திருப்பது கடினம். எதுகையும் மெட்டும் உள்ள பாட்டு தானே நிற்கும். நம் நாட்டார் பாடல்களைச் சேகரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அக்கூட்டங்களை ஒடுக்கிய அதிகாரிகளுள் ஒருவர் ஷேலா என்ற கத்தோலிக்க மடாதிபதி. பிடித்தவர்களைத் தம் வீட்டிலேயே அடைத்து வதைத்தார் என்று மக்கள் கூறினர். 1702 ஜூலை 24ஆம் நாள் இரவு, போன்-த-மோன்வேர் என்ற ஊருக்குள் ஐம்பது அறுபது பேர் சங்கீதம் பாடிக்கொண்டே நுழைந்தனர். வீட்டை உடைத்துக் கைதிகளை விடுவித்தனர், ஷேலாவைக் கொன்றனர். வரலாற்றில் ‘கமிசார் கலகம்’ எனப்படுவது இவ்வாறு தொடங்கிற்று. தலைவர்களுள் பெயர்பெற்ற ஜான் கவாலியே ரொட்டிக்கடையில் வேலை பழகிய இளைஞன். கலகம் தொடங்கியபோது அவனுக்கு வயது இருபது. இவர்களின் போர்ப்பாட்டு அறுபத்தெட்டாம் சங்கீதம். சில ஆயிரம் உழவரையும் நெசவாளரையும் அடக்க ஐரோப்பாவின் மிகப் பெரிய அரசு தன் படைத்தளபதிகளை ஒருவர்பின் ஒருவராக அனுப்ப வேண்டியதாயிற்று. 1703 இறுதியில் செவென் மலையின் 466 ஊர்களும் குக்கிராமங்களும் திட்டமிட்டு அழிக்கப்பட்டன.

கமிசார்களை நாம் வீரராக மட்டும் காட்டினால் உண்மைக்கு மாறு செய்தவராவோம். 1703 பெப்ரவரியில் பிரெசினே-த-பூர்க் என்னும் கத்தோலிக்க ஊரிலே பெண்களையும் குழந்தைகளையும் அவர்கள் கொன்றனர். பழிக்குப் பழி என்று சொன்னார்கள். பழி என்றும் அப்படித்தான் பேசும். முன்னர் 1560களில் கத்தோலிக்கக் கோயில்களுட் புகுந்து சுரூபங்களை உடைத்தவர்களும் வாயிலே சங்கீதம் உடையவர்களே. நடுங்கும் கையைத் தாங்கிய பாட்டு, ஓங்கிய கையையும் தாங்கிற்று.

கலகம் 1704இல் ஏறக்குறைய அடங்கிவிட்டது. பாட்டு அடங்கவில்லை. தூக்குமேடையில் அதனை அடக்கப் பொறுப்பாளிகள் கண்ட வழி முரசு. 1698இல் மோன்பெலியே நகரில், வழக்கறிஞராயிருந்து போதகரான குளோத் புரூசோன் கொல்லப்பட்டபோது, அவர் குரல் கூட்டத்தின் காதில் விழாதபடி முரசுகள் ஓயாது முழங்கின. 1762 பெப்ரவரியில் தூலூஸ் நகரில் பிரான்சுவா ரொஷெத் என்ற இளம் போதகர் தூக்கிலிடப்பட்டார். கூத்ராப் போர்க்களத்திலே பாடப்பெற்ற அதே நூற்றுப் பதினெட்டாம் சங்கீதத்தைப் பாடியவாறே அவர் மாண்டார் என்பர். அந்நாட்டில் மதத்துக்காகக் கொல்லப்பட்ட இறுதிப் போதகர் அவரே. அடுத்த மாதம் அதே நகரில் ஜான் கலாஸ் என்ற துணி வணிகர் பொய்ப் பழியின்மீது கொலையுண்டார். சங்கீதங்களில் நம்பிக்கை எதுவுமில்லாத வோல்த்தேர் கலாசுக்காகப் பேனா எடுத்தார். அதன் பின்னரே ஐரோப்பா திரும்பிப் பார்த்தது.

எக்மோர்த் நகரின் கோட்டைக் கோபுரம் ஒன்றிலே பெண்கள் அடைக்கப்பட்டிருந்தனர். மரீ துரான் என்பவள் 1730இல் பத்தொன்பது வயதில் அங்கே புகுந்தாள். அவளுடைய அண்ணன் போதகர் என்பதே குற்றத்தின் சாரம். இரண்டாண்டின்பின் அவ்வண்ணனைத் தூக்கிலிட்டனர். ‘என் மதத்தைக் கைவிடுகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவள் 1768இல் வெளியே வந்தபோது முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவள் எழுதிய கடிதங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் உபதேசத்தைவிட உப்பு, எண்ணெய், துணி, விறகு பற்றிய கவலையே எமக்கு நெருக்கமாய்த் தோன்றுகிறது. கோபுரத்தின் கல் விளிம்பொன்றிலே ‘எதிர்த்து நில்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் கிறுக்கப்பட்டிருக்கிறது. அவள் கையே அது என்பது மரபு. 1787இல்தான் அம்மக்களுக்குச் சட்டப்படி பிறப்பும் திருமணமும் இறப்பும் பதியும் உரிமை கிட்டிற்று.

இனி, இப்பாடல்கள் நம் கரைக்கும் வந்தன. பேத்ருஸ் டதேன் என்பவர் 1566இல் பிரெஞ்சுச் சங்கீதங்களை மெட்டு மாறாமல் ஒல்லாந்த மொழியில் ஆக்கினார். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த ஒல்லாந்தருக்கு அவை விடுதலைப் பாட்டுகளாக இருந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்த வணிகக் கும்பனி இப்புத்தகத்தையும் கப்பலிற் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரணதண்டனை என்று பறைசாற்றியது. சைவரோ கோயிலின்றி, விரதச் சோறுண்ட இலையை வீட்டுக்கூரையிற் செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்கும் செய்தி.

1687இல் யோசேப் வாஸ் என்னும் கோவைக் குருவானவர் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலையில் மறைந்திருந்து, இரவிலே வீடு வீடாகச் சென்று பூசை செய்தார். ஓர்த்தேசில் மக்கள் ஆகாயத்தைச் செவிமடுத்த ஆண்டுகளை ஒட்டிய காலம் அது. அங்கே கத்தோலிக்க அரசுக்கு அஞ்சிப் புரட்டஸ்தாந்தர் குரலை அடக்கிக்கொண்டனர். இங்கே புரட்டஸ்தாந்துக் கும்பனிக்கு அஞ்சிக் கத்தோலிக்கர் அடக்கிக்கொண்டனர். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த ஏறத்தாழ இருநூறு பேரைக் கும்பனிச் சேவகர் பிடித்துச் சென்றனர்.

பதினேழு ஆண்டுகளின்பின், 1706இல், கோட்டையினுள்ளே ஒல்லாந்தர் பெருங் கோயிலொன்றைக் கட்டிமுடித்தனர். அண்மைய போரிலே அது இடிந்து கற்குவியலாயிற்று. ஞாயிறுதோறும் கும்பனி உத்தியோகத்தர் அங்கமர்ந்து, ஓர் அசைக்கு ஒரு சுரமாக, மெல்லப் பாடிய மெட்டுகள், மோ நகரத்துச் சந்தைவெளியில் தீயினுள்ளிருந்து எழுந்த பாட்டின் வழிவந்தவையே.